செவ்ரோலே வோல்ட் காரில் நெடும்பயணம்: சார்ஜ் தொடர்பான சிக்கல்களை அறிகுறிவாரியாகக் கண்டறிந்து நீக்கும் முறை

சார்ஜ் போட்ட பேட்டரியில் முதலிலும், அது தீர்ந்ததும் பெட்ரோல் எஞ்சினின் துணையோடும் ஓடும் செவ்ரோலே வோல்ட் கார் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று அதை ஓட்டுபவர்களில் பலர், முந்தைய உரிமையாளரிடமிருந்து சாவியை மட்டும் பெற்றுக்கொண்டு, பயனர் கையேட்டைப் பிரித்துப் பார்க்காமலேயே ஓட்டத் தொடங்கியவர்கள். வீட்டிலிருந்து அலுவலகம் வரை சென்று திரும்பும் வரையில் இதனால் எந்தக் குறையும் தெரியாது. நெடுஞ்சாலைப் பயணத்தில், அதிலும் மலைப்பாதையில், இந்தக் காரின் போக்கு புதியவர்களைத் திகைக்க வைக்கும். பழுதே இல்லாத காரைப் பழுதென்று எண்ணிப் பணிமனைக்கு இழுத்துச் செல்வோரும் உண்டு. அமெரிக்காவின் டென்வரிலிருந்து மேற்கே ராக்கி மலைத்தொடரைக் கடக்கும் ஐ-70 நெடுஞ்சாலை இந்தக் காருக்கு மிகக் கடுமையான தேர்வு என்பதால், அந்தச் சாலையையே எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். ஐரோப்பாவில் ஆம்பேரா என்ற பெயரில் விற்கப்பட்டதும் முதல் தலைமுறை வோல்ட்தான். எனவே அதற்கும் இவை பொருந்தும்.

திரையில் தெரியும் சுழியத்தின் பொருள்

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2011-ஆம் ஆண்டு மாடலின் பேட்டரி 16 கிலோவாட்மணி கொள்ளளவு உடையது. அதில் ஓட்டுநர் செலவழிக்கக் கிடைப்பது ஏறத்தாழ 10 கிலோவாட்மணிதான். 2016-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் கொள்ளளவு 18.4, பயன்பாட்டுக்குக் கிடைப்பது 14 அளவில். மீதியைக் கார் மேலும் கீழுமாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. மின்னோட்டத் தூரம் (மின்சாரத்தில் மட்டும் ஓடக்கூடிய தூரம்) சுழியம் என்று திரை காட்டும்போது பேட்டரி காலியாகிவிடுவதில்லை. கீழே ஒதுக்கப்பட்ட அந்தப் பகுதி அப்படியே இருக்கிறது. அதன் பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும், திடீரென்று வேகமெடுக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் எஞ்சினால் தர முடியாத திறனை மோட்டார் அந்த ஒதுக்கீட்டிலிருந்துதான் எடுத்து ஈடுகட்டுகிறது. சமதளம் வந்ததும் எஞ்சின் அதைத் திருப்பி நிரப்பிவிடுகிறது. விதைநெல் போன்ற இந்த இருப்பைக் கரைய விடாமல் காப்பதே நெடும்பயணத்தில் ஓட்டுநரின் வேலை. பின்வரும் அறிகுறிகளில் பல, இது ஏதோ ஒரு வகையில் குறைந்துபோனதன் விளைவு, அல்லது இது குறையாமல் இருக்கக் கார் தானாகவே எடுக்கும் நடவடிக்கை.

அறிகுறி: நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் பெரிதாக இரைகிறது, வேகம் குறைகிறது, "ப்ரொபல்ஷன் பவர் இஸ் ரெட்யூஸ்டு" (உந்துதிறன் குறைக்கப்பட்டுள்ளது) என்ற செய்தி தோன்றுகிறது

செய்தி தோன்றிய நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்துவதால் எந்தப் பயனும் இல்லை. லாரிகள் ஊர்ந்து செல்லும் வலது ஓரத் தடத்துக்கு மாறி, மிக மெதுவாகப் போக நேர்ந்தால் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் சீராகச் செல்லுங்கள். ஏசியோ ஹீட்டரோ ஓடினால் அணைத்துவிடுங்கள். மலைப்பாதைக்கென்று காரில் உள்ள மவுண்டன் மோடை (கீழே விளக்கியிருக்கிறேன்) அப்போது போடுவதில் கேடில்லை. ஆனால் ஏற்றத்திலேயே எஞ்சினிடம் உபரித் திறன் இல்லாததால் உடனடிப் பலனை எதிர்பார்க்கக் கூடாது. சாலை சமமானதும், அல்லது இறக்கம் வந்ததும், இருப்பு மீண்டும் நிரம்பிச் செய்தி தானாக மறையும். அப்படி மறைந்துவிட்டால் கார் பழுதடையவில்லை என்று பொருள்.

இது ஏன் நேர்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். முதல் தலைமுறை வோல்ட்டின் மோட்டார் 111 கிலோவாட் திறனுடையது, அதன் 1.4 லிட்டர் எஞ்சினோ 63 கிலோவாட்தான். கடல் மட்டத்தில் கிடைக்கும் இந்தத் திறன், டர்போ இல்லாத எஞ்சின் என்பதால், 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதற்கேற்ப ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்து 47 கிலோவாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இருவர் அமர்ந்த, பெட்டிகள் ஏற்றிய வோல்ட்டின் எடை 1,850 கிலோ என்று வைத்துக்கொண்டால், 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் 40 கிலோவாட் வேண்டும். இதுவே எஞ்சினால் ஏறத்தாழ முழு மூச்சோடு தரக்கூடிய அளவு. வேகத்தை 120-க்கு உயர்த்தினால் தேவை 50 கிலோவாட்டைத் தாண்டிவிடும். எஞ்சினிலிருந்து சக்கரம் வரையிலான இழப்புகளையும் சேர்த்தால் 15 கிலோவாட் வரை பற்றாக்குறை விழும். அது ஐந்தே நிமிடம் நீடித்தாலும் ஒன்றேகால் கிலோவாட்மணி ஒதுக்கீட்டிலிருந்து போய்விடும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பேட்டரி இறங்கக் கூடாது என்பதால், கணினி மோட்டாரின் திறனை எஞ்சின் தரும் அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது. அந்தச் செய்தி சொல்வது இதைத்தான்.

இப்போது டென்வர் சாலையைப் பாருங்கள். நகரம் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐசன்ஹவர் சுரங்கப்பாதையின் உச்சி 3,401 மீட்டர். இடையிலுள்ள ஐடஹோ ஸ்பிரிங்ஸ் 2,300 மீட்டர் அளவிலும், ஜார்ஜ்டவுன் 2,600 மீட்டர் அளவிலும் உள்ளன. காலையில் முழுச் சார்ஜோடு நார்மல் மோடில் புறப்படும் முதல் தலைமுறை வோல்ட், ஐம்பது கிலோமீட்டர்ச் சாலையும் எழுநூறு மீட்டர் ஏற்றமும் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சிவிடுவதால், ஐடஹோ ஸ்பிரிங்ஸை ஒட்டிய இடத்திலேயே சுழியத்தைத் தொட்டுவிடும். ஜார்ஜ்டவுனுக்கு அப்பால் சுரங்கம் வரை இருபது கிலோமீட்டருக்குள் எண்ணூறு மீட்டர் ஏற வேண்டிய, இருப்பு மிகவும் தேவைப்படும் பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. இருந்த மின்சாரத்தையெல்லாம் எளிய பாதையில் செலவழித்துவிட்டுக் கடினமான பாதைக்கு வெறுங்கையோடு வந்து நிற்கிறோம்.

ஆகவே தீர்வு ஏற்றத்தில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. மவுண்டன் மோடு இதற்காகவே வைக்கப்பட்டது. அதைப் போட்டால், பேட்டரியில் போதிய சார்ஜ் உள்ளவரை கார் மின்சாரத்திலேயே ஓடும். ஆனால் வழக்கமான சுழியம் வரை இறங்காமல், அதைவிட உயர்ந்த ஓர் எல்லையிலேயே எஞ்சினை இயக்கி, அந்த எல்லைக்குக் கீழே உள்ளதை ஏற்றத்துக்காகப் பத்திரப்படுத்திவிடும். முதல் தலைமுறையில் இந்த எல்லை தாராளமானது. எஞ்சின் 75 கிலோவாட்டாக வலுப்பெற்ற இரண்டாம் தலைமுறையில் இந்த எல்லையைக் குறைத்துவிட்டார்கள். டென்வரிலிருந்து புறப்படுவோர் வீட்டு வாசலிலேயே இதைப் போட்டுவிடுவது நல்லது. செங்குத்தான ஏற்றம் தொடங்குவதற்குக் குறைந்தது இருபது நிமிடங்கள் முன்பாகவேனும் போட வேண்டும். பேட்டரி ஏற்கெனவே காலியாக இருந்தால், அந்த இருபது நிமிடங்களில் எஞ்சின் வழக்கத்தைவிடச் சத்தமாக ஓடிப் பேட்டரியைத் தேவையான அளவுக்கு நிரப்பும். அந்தச் சத்தம் கோளாறன்று.

ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். சமதளத்திலேயே, மிதமான வேகத்திலேயே இந்தச் செய்தி வந்தால், அல்லது இதனுடன் எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், அது இருப்பு தீர்ந்ததால் வந்ததன்று. மோடுகளை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல், பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி உள்ள பணிமனைக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: சென்றடையும் நகரத்துக்குள் நுழையும்போது சார்ஜ் துளியும் மிஞ்சியிருப்பதில்லை

நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் எஞ்சின் நல்ல திறனோடு ஓடும். நின்று நின்று செல்லும் நகரச் சாலையில்தான் மின்சாரத்துக்கு மதிப்பு அதிகம். முதல் தலைமுறைக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்த பெட்ரோல் மைலேஜ் கணக்கிலும் நகரத்தில் கேலனுக்கு 35 மைல், நெடுஞ்சாலையில் 40 மைல் என்றே இருந்தது. எனவே மொத்தத் தூரம் மின்னோட்டத் தூரத்தைவிட எப்படியும் அதிகம் என்று தெரிந்த நாளில், நெடுஞ்சாலைக்கு வந்ததும் ஹோல்டு மோடைப் போட்டு, சேருமிடத்தை நெருங்கியதும் நார்மலுக்கு மாறுவதே முறை. ஹோல்டு மோடு அப்போதுள்ள அளவிலேயே சார்ஜை நிறுத்தி வைக்கும். எஞ்சின் உடனே இயங்கத் தொடங்கும். அமெரிக்காவில் இந்த மோடு 2013-ஆம் ஆண்டு மாடலிலிருந்துதான் கிடைக்கிறது. 2011, 2012 மாடல்களை வைத்திருப்போர் மவுண்டன் மோடையே இதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். அது காக்கும் அளவு நாம் விரும்பும் அளவாக இருக்காது என்பது மட்டுமே குறை.

"ஹோல்டு போட்டிருந்தேனே, ஆனாலும் காலியாகிவிட்டது" என்று சொல்பவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். காரை அணைத்து மீண்டும் இயக்கியதும் அது நார்மல் மோடுக்கே திரும்பிவிடும். பெட்ரோல் போட நிறுத்துகிறோம், காப்பி குடிக்க நிறுத்துகிறோம். புறப்படும்போது மோடைத் தேர்ந்தெடுக்க மறந்துவிடுகிறோம். மின்சாரத்தில் கார் ஓசையின்றி ஓடுவதால் உள்ளே பேசிக்கொண்டு போகும் நமக்கு அது உறைப்பதில்லை. நார்மல் மோடில் சுழியம் ஆன பிறகு மவுண்டன் மோடைப் போட்டுச் சமதளத்தில் பேட்டரியை நிரப்பிக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியும்தான், ஆனால் பெட்ரோலை எரித்து மின்சாரமாக்கி, அதைப் பேட்டரியில் ஏற்றி, மறுபடி எடுத்து ஓட்டும்போது ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு. மலையேற வேண்டிய தேவை இல்லாதபோது அதைச் செய்வது வீண்செலவு.

அறிகுறி: போதிய சார்ஜ் இருந்தும் எஞ்சின் தானாக இயங்குகிறது

இதற்குக் காரணங்கள் சில உண்டு. பெரும்பாலும் திரையே எது என்று சொல்லிவிடும். வெளி வெப்பநிலை உறைநிலையை நெருங்கினாலோ, அதற்கும் கீழே போனாலோ, உள்ளே சூடேற்றுவதற்கு உதவியாக எஞ்சின் அவ்வப்போது இயங்கும். அமைப்புகள் பட்டியலில் இதைக் கடுங்குளிர் வரும்வரை தள்ளிவைக்கும் தேர்வு, மிகப் பழைய மாடல்களைத் தவிர மற்றவற்றில் இருக்கிறது. ஆனால் மலையேறும் நாளில் இந்த எஞ்சின் ஓட்டம் வரவேற்கத்தக்கதே: ஹீட்டருக்குப் போகவேண்டிய மின்சாரம் பேட்டரியிலேயே தங்குகிறது.

ஆறு வாரங்கள் போல எஞ்சின் ஓடாமலே இருந்தால், அதன் பாகங்களுக்கு எண்ணெய் பரவுவதற்காகக் கார் அதைச் சிறிது நேரம் ஓட்டச் சொல்லும். தொட்டியில் உள்ள பெட்ரோலின் சராசரி வயது ஓராண்டைத் தாண்டினால், அதைத் தீர்ப்பதற்காக இன்னும் நீண்ட நேரம் எஞ்சின் ஓடும். புதுப் பெட்ரோல் ஊற்றினால் நின்றுவிடும். நகரத்துக்குள் மின்சாரத்திலேயே ஓட்டிப் பழகியவர்களுக்கு, இவ்விரண்டும் ஆண்டுக்கொரு முறை போகும் நெடும்பயணத்தின் தொடக்கத்திலேயே வந்து வாய்ப்பதுண்டு. முன்மூடி (பானெட்) சரியாகச் சாத்தப்படாவிட்டாலும் எஞ்சின் இயங்கும். கண்ணாடி துடைப்பானுக்கு நீர் ஊற்றிய பிறகு இந்தச் சிக்கல் தோன்றினால் முதலில் அதைப் பாருங்கள்.

அறிகுறி: முழுச் சார்ஜில் காட்டும் தூரம் திடீரென்று குறைந்துவிட்டது

இரண்டாம் தலைமுறைக்கு அறிவிக்கப்பட்ட மின்னோட்டத் தூரம் 85 கிலோமீட்டர். 2011 மாடலுக்கு 56. திரையில் தெரிவது இந்த எண்ணன்று. அண்மையில் நீங்கள் ஓட்டிய விதத்தைக் கொண்டு கார் போடும் மதிப்பீடு அது. நேற்று மலையேறியிருந்தால் இன்று காலை அது குறைவாகத்தான் காட்டும். பேட்டரி நலிந்துவிட்டதென்று அஞ்ச வேண்டாம். பேட்டரியின் உண்மை நிலையை அறிய, முழுச் சார்ஜிலிருந்து எஞ்சின் இயங்கும் வரை நார்மல் மோடில் ஓட்டி, எரிசக்தி விவரத் திரையில் செலவான கிலோவாட்மணியைப் பாருங்கள். முதல் தலைமுறையில் 10-ஐ ஒட்டியும், இரண்டாம் தலைமுறையில் 14-ஐ ஒட்டியும் அந்த எண் இருந்தால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது. மிதமான தட்பவெப்பத்தில் இதைச் செய்ய வேண்டும். குளிரில் எஞ்சின் இடையிலேயே இயங்கிக் கணக்கைக் குழப்பிவிடும்.

எண் சரியாக இருந்தும் தூரம் குறைந்தால் காரணம் ஓட்டும் வேகமும் ஹீட்டரும்தான். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 100-க்கும் 120-க்கும் இடையே அந்தத் தேவை எழுபது சதவீதம் கூடிவிடுகிறது. கேபின் முழுவதையும் சூடாக்குவதற்குப் பதிலாக இருக்கையின் ஹீட்டரைப் பயன்படுத்தினால் மிச்சமாகும் மின்சாரம் கணிசமானது. சார்ஜ் கம்பி இணைந்திருக்கும்போதே சாவியிலுள்ள பொத்தானால் காரைச் சூடாக்கிவிட்டுப் புறப்படுவது இன்னும் மேல். அந்தச் செலவைச் சுவர் மின்சாரம் பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: இரவு முழுவதும் விடுதியில் சார்ஜ் போட்டும் காலையில் நிரம்பவில்லை

பெரும்பாலும் இது அமைப்புச் சிக்கல். காரோடு வரும் 120 வோல்ட் கம்பியை இணைத்தால், பாதுகாப்புக் கருதி 8 ஆம்பியர் மட்டுமே எடுக்கும். அதை 12 ஆம்பியராக நாம்தான் மாற்ற வேண்டும். இரண்டாம் தலைமுறையில், 8 ஆம்பியரில் முழுச் சார்ஜுக்கு 19 மணி நேரம் அளவில் ஆகும். 12 ஆம்பியரில் 13 மணி நேரம். வீட்டில் 12 என்று அமைத்து வைத்திருந்தாலும், வெளியிடத்தில் கார் 8-க்கே திரும்பிவிடும் என்பதால் ஒவ்வோர் இரவும் திரையில் பார்த்து மாற்றுவது அவசியம். ஆனால் விடுதியின் பழைய பிளக்பாயின்ட்டில் 12 ஆம்பியரைப் பல மணி நேரம் இழுப்பதற்கு முன், அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் 8-க்குக் குறைத்துவிடுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியை அறவே தவிர்க்கவும்.

டாஷ்போர்டின் மேலுள்ள சிறு பச்சை விளக்கு தொடர்ந்து எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது. நீண்ட இடைவெளியில் சிமிட்டினால், கட்டணம் குறைவான நேரத்துக்காகக் காத்திருக்கும்படி வீட்டுக்கென்று போட்டு வைத்த ஆணை இங்கும் நடைமுறையில் இருக்கிறது என்று பொருள். உடனடிச் சார்ஜ் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

வழியில் உள்ள அதிவேக நேர்மின்னோட்ட (டிசி) சார்ஜ் நிலையங்களில் உங்கள் பிளக் பொருந்தவில்லை என்றால் அதைச் சரிசெய்ய வழியில்லை. வோல்ட்டில் அந்த வசதியே கிடையாது. 240 வோல்ட் நிலையத்திலும் பெரும்பாலான மாடல்கள் 3.3 அல்லது 3.6 கிலோவாட்டுக்கு மேல் எடுக்காது. ஒரு மணி நேரம் நின்றால் இருபது கிலோமீட்டர் அளவில் ஓடலாம். சாப்பிட நிற்கும் இடத்தில் இருந்தால் போடலாம். அதற்கென்று நிற்பது என் பார்வையில் வெட்டி வேலை. மலை ஊர்களின் கடுங்குளிர் இரவில் மட்டும் நிலைமை வேறு. சார்ஜ் கம்பி இல்லாமல் வெளியே விடப்பட்ட கார், காலையில் "பேட்டரி டூ கோல்டு, ப்ளக் இன் டு வார்ம்" (பேட்டரி மிகக் குளிர்ந்துள்ளது, சூடாக்கக் கம்பியை இணைக்கவும்) என்று சொல்லிப் புறப்பட மறுக்கக்கூடும். அங்கே சாதாரண 120 வோல்ட் கம்பியாயினும் இணைத்து வையுங்கள்.

அறிகுறி: இறக்கத்தில் கார் மின்சாரத்தைத் திரும்பப் பெறவில்லை

இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறிப் பேட்டரியை நிரப்பும். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் திரும்ப ஏற்றுவதற்கு இடமிருக்காது. 2,900 மீட்டர் உயரத்திலுள்ள பிரெக்கன்ரிட்ஜில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டுவிட்டு நேராக இறங்கத் தொடங்கினால் இதுவே நடக்கும். இறக்கத்தைத் தொடங்கும் அன்று முழுச் சார்ஜ் வேண்டியதில்லை. இடம் இருந்தும் குறைவாகவே ஏறுகிறது என்றால் கியரை எல் (லோ) நிலையில் வைத்து இறங்குங்கள். இரண்டாம் தலைமுறையில் ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள பொத்தானும் இதற்கு உதவும். எதிர்பார்ப்பையும் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். சுரங்கத்திலிருந்து சில்வர்தார்ன் வரை எழுநூறு மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் மூன்றரை கிலோவாட்மணி. அதில் பெரும்பங்கு காற்றையும் டயர் உராய்வையும் வெல்வதற்கே போய்விட, பேட்டரிக்குத் தேறுவது ஒரு கிலோவாட்மணி அளவில்தான். அதற்குப் பிறகு 3,250 மீட்டர் உயரமுள்ள வேய்ல் கணவாய் வருகிறது. சுரங்கத்தைக் கடந்ததும் மலை முடிந்துவிட்டதென்று மவுண்டன் மோடை எடுத்துவிடாமல், அந்தக் கணவாயையும் தாண்டி வேய்ல் நகரத்தை நோக்கி இறங்கத் தொடங்கிய பிறகே நார்மலுக்கு மாறுங்கள்.